பல மாதம் பள்ளிக்குப் போக முடியாத குழந்தை... கற்றல் குறைபாடும் இருந்தால் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தக் கேட்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். டிஸ்லெக்சியா இருப்பதை மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சிறப்பாசிரியர் உதவியோடு இப்போதுதான் எழுத்துக்கூட்டி, தயக்கமில்லாமல் வாசிக்க ஆரம்பித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து விடாத காய்ச்சல். பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய் எனத் தெரிகிறது. "முதல் ஏழெட்டு மாசம் ஸ்கூல் பக்கமே போக வேண்டாம்" என்கிறார் மருத்துவர்.

பள்ளிக்குப் போய் அம்மா விஷயத்தைச் சொல்கிறார். "கவலைப்படாதீங்கம்மா, நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம்" என்கிறார் வகுப்பு ஆசிரியர். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஆனால், ஒரு பத்தியை வாசிக்கவே சிரமப்படும் பையனின் கையில் 40 பக்க பிடிஎஃப் கிடைத்து என்ன பயன்?

இது நாம் எடுத்துக்கொண்ட கற்பனை உதாரணம்தான். நோயின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். சிறுநீரகச் செயலிழப்பு, தலசீமியா, காசநோய், பெரிய விபத்து எதுவானாலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். என் பிள்ளைக்கு வீட்டிலேயே முறையான பாடம் கிடைக்க வழி இருக்கிறதா? வழி இருக்கிறது. ஆனால் அது நேரான வழி இல்லை.

நோட்ஸ் அனுப்பினால் போதாதா?

சாதாரணமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஓரளவு போதும். விடுபட்ட பாடத்தை நண்பனின் நோட்டைப் பார்த்துப் படித்துவிடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு விடுபடுவது பாடம் மட்டும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் பொருத்தும் பயிற்சி, திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கம், கையால் தடவி, வாயால் சொல்லி, கண்ணால் பார்த்துக் கற்கும் முறை என அத்தனையும் நின்றுபோகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது, சில மாத இடைவெளியில் கரைந்துவிடும்.

நோயும் சும்மா இருப்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். அதற்குத் தரப்படும் சில மருந்துகள் கவனத்தையும், விஷயங்களை மூளை உள்வாங்கும் வேகத்தையும் பாதிக்கலாம். வின்கிரிஸ்டின் என்ற மருந்து விரல் நரம்புகளைப் பாதிப்பதால் சில பிள்ளைகளுக்குப் பேனா பிடிப்பதே கஷ்டமாகிவிடும். டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் போய்விடும். வலிப்பு மருந்துகளில் சில தூக்கக் கலக்கம் தரும். ஏற்கெனவே எழுதச் சிரமப்பட்ட பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை.

அதனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டியது சாதாரண டியூஷன் இல்லை. கற்றல் குறைபாடு தெரிந்த ஒருவர், பள்ளியில் நடந்த அதே முறையை வீட்டில் தொடர வேண்டும். பள்ளியிடம் பேசும்போது முதலில் புரியவைக்க வேண்டியதும் இதைத்தான்.

சட்டத்தில் 'வீட்டுவழிக் கல்வி' யாருக்கு?

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவச, கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அந்தச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. 'பல்வகைக் குறைபாடு' அல்லது 'கடுமையான குறைபாடு' உள்ள குழந்தைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைப் பெறலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது.

பெற்றோர் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுதான்.

அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் அர்த்தம் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கடுமையான குறைபாடு என்றால் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல். பல்வகைக் குறைபாடு என்றால் 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேல். அந்தப் பழைய பட்டியலில் கற்றல் குறைபாடு கிடையாது. புற்றுநோயும் கிடையாது, சிறுநீரக நோயும் கிடையாது. ஆக, நம் உதாரணப் பையன் இந்தக் கதவைத் தட்டினால், "உங்க பையனுக்கு இது பொருந்தாதுங்க" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். அதிகாரி வேண்டுமென்றே மறுக்கிறார் என்று சொல்ல முடியாது. சட்டத்தின் வாசகம் அப்படி.

உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு வீட்டில் பாடம் நடத்துவது நம் ஊரில் தனி உரிமையாக எழுதப்படவில்லை. குறைபாடு உள்ள பிள்ளைக்கு எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் கடுமையானால் மட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையை யாரும் யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் வேறு வழி?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அந்த வழி. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில் குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் சேர்க்கப்பட்டது. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும்கூட அதே பட்டியலில் இருக்கின்றன. தலசீமியாவும் டிஸ்லெக்சியாவும் சேர்ந்த குழந்தைக்குப் புதிய சட்டப்படி இரண்டு குறைபாடுகள் உள்ளன. மனுவில் இதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

இந்தச் சட்டத்தின் பிரிவு 16-ஐ மொபைலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமின்றி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற மாற்று ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளியும் இதற்குள் வரும். 40 சதவீதம் இருந்தால்தான் என்ற வரம்பு இந்தப் பிரிவில் இல்லை. (6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தரும் பிரிவு 31-க்குத்தான் அந்த 40 சதவீதம் வேண்டும்.)

பிரிவு 16, அரசு இதற்கு 'முயற்சி எடுக்க வேண்டும்' என்றுதான் தொடங்குகிறது. கொஞ்சம் இளகலான வார்த்தைதான். ஆனால் அதே சட்டம், தேவையான மாற்று ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று வரையறுத்திருக்கிறது. "எங்களால முடியாது" என்ற ஒற்றை வரிப் பதில் இந்த இடத்தில் நிற்காது.

ஆகவே மனுவில் "வீட்டுவழிக் கல்வித் திட்டத்தில் சேர்க்கவும்" என்று மட்டும் எழுதினால் தள்ளுபடி ஆகலாம். "கற்றல் குறைபாடு உள்ள என் பிள்ளைக்கு, நோயால் பள்ளிக்கு வர முடியாத காலத்தில், 2016 சட்டப்படி செய்ய வேண்டிய மாற்று ஏற்பாடாக வீட்டில் கற்பித்தல் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்கிற பொருள் ஒன்றுதான், தட்டுகிற கதவு வேறு.

வீட்டுக்கு யார் வருவார்?

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்வதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் என்றால் தலைமை ஆசிரியர் மூலம் அந்த மையத்தை அணுகலாம். தனியார் பள்ளி என்றால் முதல் பொறுப்பைப் பள்ளியிடமே கேளுங்கள்.

பெயரைப் பார்த்து ஒரு குழப்பம் வருவதுண்டு. 'இல்லம் தேடிக் கல்வி' என்பது இதுவல்ல. அது கொரோனா கால கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட தன்னார்வலர் திட்டம். பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி மாலை வகுப்பு எடுப்பார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது.

சிறப்பாசிரியர் பற்றாக்குறை நிஜமான பிரச்னை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. மீண்டும் சொல்ல வேண்டி வந்தது என்பதிலேயே நிலைமை புரியும். "ஆள் இல்லை" என்று பள்ளி சொன்னால், அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு அது உதவும்.

வாரம் ஒரு நாள் வந்தால் போதுமா?

பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். யாரோ ஒருவர் வருகிறார் என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1,000 மணி நேரம் கற்பித்தல் நடக்க வேண்டும். வீட்டுக்கு வாரம் 2 மணி நேரம் ஒருவர் வந்தால், 40 வாரத்தில் 80 மணி நேரம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பாடம் வேகமாக நகரும் என்பது உண்மை. அதனால் 1,000 மணி நேரம் தேவைப்படாது. ஆனால் 80 எப்படிப் போதும்?

வீட்டுவழிக் கல்வியை உரிமையாகச் சொல்லும் நம் சட்டம் அதற்கு மணிக்கணக்கைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதற்கு எண்ணே போட்டிருக்கிறார்கள். 2023 ஜூலை முதல் தொடக்க வகுப்பு என்றால் வாரம் குறைந்தது 10 மணி நேரம், மேல் வகுப்பு என்றால் 15 மணி நேரம். அதற்கு முன்பு இது 5, 10 என்று இருந்தது, போதவில்லை என்று கூட்டினார்கள். அங்கே கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குத் தனிக் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்பட்டிருக்கும். வீட்டிலோ மருத்துவமனையிலோ இருந்தாலும் அந்தத் திட்டத்தில் உள்ள சிறப்புக் கற்பித்தல் நிற்கக் கூடாது. இங்கிலாந்தில் உடல்நலக் குறைவால் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல் பள்ளிக்கு வர முடியாது என்று தெரிந்தால் உள்ளாட்சி நிர்வாகம் மாற்றுக் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. இவை எதுவும் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளியோடு பேசும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

நடைமுறையில் ஒரு யோசனை. வாரம் 2 நாள் சிறப்பாசிரியர் நேரில், 3 நாள் பாட ஆசிரியர்கள் வீடியோ காலில் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு அமர்வு 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிடிஎஃப்புக்குப் பதிலாக வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக்குச் செலவே இல்லாத மாற்றம் இது. அரசுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ பாடம் வரும், கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு நல்ல துணை. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் நேரில் வருவதை நிறுத்தி, வீடியோவுக்கு மாறிக்கொள்ளலாம். சளி பிடித்த ஆசிரியர் வர வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மருத்துவச் சான்றிதழில் கவனம்

"6 மாதம் ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதி வாங்கினால் அதுவே எதிராகத் திரும்பும். "டாக்டரே ரெஸ்ட்டுன்னு எழுதியிருக்காரே, அப்புறம் எதுக்கு பாடம்?" என்று கேட்பார்கள்.

மருத்துவரிடம் நான்கு விஷயங்களைக் குறிப்பிடச் சொல்லுங்கள். எதனால் பள்ளிக்குப் போகக் கூடாது, தோராயமாக எதுவரை, வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் படிக்க முடியும், எதில் சிரமம் இருக்கும். "தொற்று அபாயத்தால் வகுப்புக்குச் செல்லக் கூடாது. சிகிச்சை இல்லாத நாட்களில் 2 மணி நேரம் வரை வீட்டில் படிக்கலாம். விரல் நரம்புப் பாதிப்பால் தொடர்ந்து எழுத இயலாது" என்ற மூன்று வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி 8 வயதுக்குப் பிறகு சான்றிதழ் தரப்படும், 14 மற்றும் 18 வயதில் மறுமதிப்பீடு. பிள்ளை 14 வயதில் மருத்துவமனையில் இருந்தால் இது மறந்தே போகும். பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தின்போதுதான் காலாவதியானது தெரியவரும். அட்டையில் உள்ள தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். தலைமை ஆசிரியருக்கு எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வள மையத்துக்கும் நகல் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"என் மகன் தங்கள் பள்ளியில் 7-ம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது (சான்றிதழ் நகல் இணைப்பு). தற்போது தீவிர சிகிச்சையில் இருப்பதால் வரும் மாதங்களில் பள்ளிக்கு வர இயலாது (மருத்துவர் கடிதம் இணைப்பு). மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ன்படி அவனுக்கு வீட்டில் கற்பித்தல் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பொறுப்பாசிரியர் யார், வாரம் எத்தனை மணி நேரம், சிறப்பாசிரியர் எந்த நாட்களில் வருவார், தேர்வு எப்படி நடத்தப்படும், எந்தத் தேதியில் மறுஆய்வு செய்யப்படும் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். இல்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட். யார் எந்த நாளில் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்த நாள் வரவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். "வந்துட்டுதானே இருக்கோம்" என்று பின்னால் சொன்னால் காட்ட ஆதாரம் வேண்டும்.

பதில் வராவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். 2016 சட்டத்தின் பிரிவு 23-ன்படி ஒவ்வொரு அரசு அமைப்பிலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரை 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை நடவடிக்கை எடுத்து 3 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் போனில் சொன்னதோடு விடாமல் மனுவையும் அனுப்பிவிடுங்கள்.

"டி.சி. வாங்கிக்கோங்க" என்றால்?

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் அவசரப்பட்டு வாங்காதீர்கள். "வீட்ல இருந்தே படிக்கட்டும், ஓப்பன் ஸ்கூல்ல போட்டுடலாம்" என்பது அக்கறையான யோசனைபோலவே வரும். சில பள்ளிகளுக்கு அது தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றும் வழியும்கூட. 8-ம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16 சொல்கிறது. (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை.) பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி மோசமான வழி என்று சொல்லவில்லை. 14 வயது ஆகியிருந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் எழுதலாம். நீண்ட சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அது நிஜமாகவே பெரிய வசதி. ஆனால் அதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், உங்கள் தலையில் கட்டக் கூடாது.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் 75 சதவீத வருகைப்பதிவு என்ற விதி இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கு ஆவணங்களோடு தளர்வு கேட்கலாம். அதற்கான கோரிக்கையைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும் என்பதால், ஆண்டு இறுதிவரை காத்திருக்காமல் ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதும் டிஸ்சார்ஜ் அறிக்கையின் நகலைப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.

தேர்வும், திரும்பிப் போகும் நாளும்

மாநிலப் பாடத்திட்ட பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இந்த விண்ணப்பத்தை நினைவூட்ட ஆள் இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவதும் பழக்கம்தான். பதிலை வாயால் ஒழுங்காகச் சொல்லும் பயிற்சியை வீட்டுப் பாட நாட்களிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

மறுஆய்வுத் தேதியை மனுவில் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் கற்பித்தல் பழகிப்போனால், "அங்கேயே இருக்கட்டும்" என்று பள்ளி மறந்துவிடும் ஆபத்து உண்டு. வகுப்பு நண்பர்களோடு வாரம் ஒருமுறையாவது வீடியோ காலில் பேச வையுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் நேராக முழு நாள் அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலை இரண்டு பீரியட், அதில் ஒன்று சிறப்பாசிரியரோடு என்று தொடங்கலாம். வீட்டுக்கு வரும் ஆசிரியரை அதுவரை நிறுத்த வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.